தாளும் தாளும் கூடுமிடம்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழாவில் உரையாற்றுமாறு பணித்தபொழுது, கல்வியின் மேன்மை குறித்தோ ஒழுக்கத்தின் உயர்வு குறித்தோ நாம் பேசுவோம் எனக் குழுவினர் எண்ணியிருக்கலாம். அவ்விரண்டையும் பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்தில் நாள்தோறும் பேசிவருகிறோம். கேட்பவர் முகங்களையும் கண்டுவருகிறோம். ஆகவே இன்று வேறொரு பொருளை எடுத்துக்கொள்ளத் துணிந்தோம். வேதித் தொழிற்சாலை ஒன்றைக் கட்டுவதற்கு முன்பே அதனைக் கணினியில் இயக்கிக் கணித்துப் பார்க்கும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றில் பல ஓட்டப்படங்களை எழுதி, ஒன்றோடொன்று இணைத்துப் பயன்படுத்துவது எங்ஙனம் என்பதே நம் பேச்சின் பொருள்.

நாம் வரலாறு பயின்று பி.ஏ., பி.எட். பட்டம் பெற்றவர். வேதியியல் நம் பாடம் அன்று. நம் பள்ளியில் பயின்று, பின்னர் வேதிப் பொறியியல் முடித்த மாணவர் ஒருவர், கோடை விடுமுறையில் பல மாலைகள் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதனை நமக்குக் கற்பித்தார். மாணாக்கரிடம் கற்பது ஆசிரியர்க்கு இழுக்கன்று. நமக்கு விளங்கியது உங்களுக்கும் விளங்கும் என்ற துணிவே இவ்வுரைக்கு முதல்.

அண்ணல் அம்பேத்கர் 1945-ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தக் கல்லூரியைத் திறந்தார். கலையோடு அறிவியலும் அங்கே கற்பிக்கப்பட்டது. நம்மவர் எழுத்தறிந்தால் போதும் என்று அவர் நின்றுவிடவில்லை என்பதற்காகவே இதனைச் சொல்கிறோம். இன்று நம் தெருக்களிலிருந்து ஆண்டுதோறும் சிலர் பொறியியல் கல்லூரிக்குச் செல்கின்றனர். பட்டமும் வருகிறது. ஆனால் தொழிலின் உள்ளறைக்குள் நுழையும் திறவுகோல் பட்டத்தோடு சேர்ந்து வருவதில்லை. வேதிப் பொறியியலில் அத்திறவுகோல்களுள் ஒன்று இந்தக் கணிப்பு மென்பொருள்.

ஓட்டப்படம் என்பது யாது? பொறியாளர் இதனை ‘ஃப்ளோஷீட்’ என்பர். நாம் சுருக்கமாகத் ‘தாள்’ என்போம். கொதிகலன், குளிர்விப்பான், வினைகலன், பிரிகலன் ஆகியவற்றைக் கட்டங்களாக வரைந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பொருளைக் கோடுகளாக இழுத்தால் அது தாள். கோடு ஒவ்வொன்றும் ஓர் ஓட்டம். அந்த ஓட்டத்தில் என்னென்ன பொருள்கள், எவ்வளவு, எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் செல்கின்றன என்பதை மென்பொருள் கணித்துக் கூறும். ஐக்கிய அமெரிக்காவில் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1976-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய ‘ஆஸ்பென்’ திட்டம் இத்துறையின் பெரு வளர்ச்சிக்கு வித்திட்டது. கனடாவின் கால்கரியில் பிறந்த ‘ஹைசிஸ்’ மற்றொன்று. இவை விலை மிகுந்தவை. தனி மாணவன் ஒருவன் தன் பொறுப்பில் வாங்கக் கூடியவை அல்ல. பிரேசில் நாட்டுப் பொறியாளர் டேனியல் மெடீரோஸ் உருவாக்கிய ‘டி.டபிள்யூ.சிம்’ என்பதோ மூலநிரலோடு இலவசமாகக் கிடைப்பது. விண்டோஸ், லினக்ஸ், மாக் ஆகிய மூவகைக் கணினிகளிலும் அது இயங்கும்.

ஒரு தொழிற்சாலை முழுவதையும் ஒரே தாளில் எழுதினால் என்ன என்று நாமும் கேட்டோம். நம் மாணவர் விடையாக அம்மோனியா, யூரியாத் தொழிற்சாலையை எடுத்து விளக்கினார். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஹேபர் முறையைப் படித்திருப்பர். பாடநூலில் அது ஒரே வரி: ஒரு நைட்ரஜனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு அம்மோனியா. ஆலையிலோ அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும் எத்தனையோ படிகள் உள்ளன. முதலில் இயற்கை எரிவாயுவை நீராவியோடு சேர்த்துச் சூளையில் உடைத்து ஹைட்ரஜன் பெற வேண்டும். அடுத்துக் காற்றைச் செலுத்தி நைட்ரஜனைச் சேர்க்க வேண்டும். கூடவே விளையும் கரியமில வாயுவைக் கரைப்பானில் கரைத்துப் பிரிக்க வேண்டும். அதன்பின் உயர் அழுத்தத்தில் அம்மோனியா ஆக்க வேண்டும். பிரித்து வைத்த கரியமில வாயுவை அந்த அம்மோனியாவோடு சேர்த்து யூரியா ஆக்க வேண்டும். இவையனைத்துக்கும் நீராவி வழங்கும் கொதிகலன் பகுதி தனி. கழிவுநீர்ப் பகுதி தனி. ஒரே தாளில் எழுதினால் எங்கோ ஒரு கட்டம் கணக்குத் தவறும்பொழுது முழுத்தாளும் நின்றுவிடும். பிழை எங்கே என்று தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதை ஒக்கும். மேலும் வாயுக்களின் பண்புகளைக் கணிக்க ஏற்ற சமன்பாடு ஒன்று. நீரில் கரைந்த அம்மோனியாவுக்கும் கரியமில வாயுவுக்கும் ஏற்றது மற்றொன்று. ஆகவே பகுதிதோறும் ஒரு தாள் எழுதி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிபார்த்து, பின்னர் இணைப்பதே முறை.

டி.டபிள்யூ.சிம் மென்பொருளில் இவ்விணைப்பிற்கென ஒரு கட்டம் உண்டு. பெருந்தாளில் அக்கட்டத்தை வைத்து, அதனுள் மற்றொரு தாளின் கோப்பைச் சுட்டிக்காட்ட வேண்டும். பெருந்தாளின் எந்த ஓட்டம் உள்தாளின் எந்த ஓட்டமாக நுழைகிறது, எது வெளிவருகிறது, இங்குள்ள எப்பொருள் அங்குள்ள எப்பொருளுக்கு நேர் என்பனவற்றைக் குறித்துவிட்டால், பெருந்தாள் கணிக்கப்படும் போதெல்லாம் உள்தாளும் கணிக்கப்படும். ஹைசிஸிலும் இதனை ஒத்த ஏற்பாடு உண்டு. ஒரு சிறு எச்சரிக்கை: தாள்கள் அனைத்தையும் ஒரே உறையில், அஃதாவது கணினியின் ஒரே ‘ஃபோல்டரில்’ வைத்துக்கொள்க. பென்டிரைவில் பெருந்தாளை மட்டும் எடுத்துச் சென்று, கல்லூரியில் திறந்து, உள்தாள் இல்லை என்று கணினி சொல்லக் கேட்டுத் திகைத்து நின்றவர் பலர்.

இணைத்தால் என்ன பயன் என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்வோம். இதனைச் செய்யக் கணினியும் வேண்டியதில்லை.

நூறு மோல் நைட்ரஜன் இருநூறு மோல் அம்மோனியா தரும். அவ்வளவையும் யூரியா ஆக்க நூறு மோல் கரியமில வாயு வேண்டும். இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன். காற்றில் வரும் ஆக்சிஜனையும் சேர்த்துக் கணக்கிட்டால், நூறு நைட்ரஜனுக்கு வேண்டிய முந்நூறு ஹைட்ரஜனைப் பெறும்பொழுது கிடைக்கும் கரியமில வாயு ஏறத்தாழ 88 மோல் மட்டுமே. நாஃப்தாவை மூலப்பொருளாகக் கொண்டாலோ, ஒரு கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன் எனக் கொள்ள, ஏறத்தாழ 118 மோல் கிடைக்கும். அஃதாவது நாஃப்தாவில் 18 மிச்சம். எரிவாயுவில் 12 குறை. இது எளிய கணக்கு. ஆலையில் சிறிது கூடவோ குறையவோ செய்யும். ஆயினும் திசை மாறாது.

நம் மாநிலத்தில் மணலியிலும் தூத்துக்குடியிலும் உள்ள உரத் தொழிற்சாலைகள் நெடுங்காலம் நாஃப்தாவைப் பயன்படுத்திவந்து, முறையே 2019-லும் 2021-லும் இயற்கை எரிவாயுவுக்கு மாறத் தொடங்கின. மாறுவது முதல் தாளில். தட்டுப்பாடு தோன்றுவது கடைசித் தாள்களுள் ஒன்றில். முதல் தாளை எழுதியவர் தம் தாளை மட்டும் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஹைட்ரஜன் வருகிறது, எரிபொருள் மிச்சமாகிறது என மகிழ்வார். யூரியாத் தாளை எழுதியவரோ பழைய எண்ணையே கையால் தட்டி வைத்திருப்பார். அவர் தாளிலும் எல்லாம் நன்றாகவே இருக்கும். இரண்டையும் இணைத்த நொடியிலேதான் 12 மோல் குறைவது கண்ணுக்குப் புலப்படும். உத்தரப் பிரதேசத்தில் ஆவ்ன்லா, பூல்பூர் என்னும் இடங்களில் உள்ள இஃப்கோ ஆலைகளில், சூளையின் புகைபோக்கி வழிச் செல்லும் வாயுவிலிருந்து நாளொன்றுக்கு 450 டன் கரியமில வாயுவைப் பிடித்து யூரியாவுக்கு அளிக்கும் அமைப்புகள் 2006-இல் நிறுவப்பட்டன. முதல் தாளின் புகைபோக்கி கடைசித் தாளுக்கு உணவூட்டுகிறது.

இனி இணைப்பில் நேரும் தவறுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதுவே உரையின் நடுப்பகுதி. இளைஞர்கள் இதனைக் குறித்துக்கொள்வது நலம்.

கல்லூரி இறுதியாண்டில் நம் மாணவரும் வேறு மூவரும் சேர்ந்து அம்மோனியாத் தொழிற்சாலையைத் திட்டப்பணியாக எடுத்துக்கொண்டனர். சூளையை ஒருவர் எடுத்துக்கொண்டார். கரியமில வாயு நீக்கத்தை ஒருவர், அம்மோனியா வினைகலனை ஒருவர். இவை பெயர் சொல்லக்கூடிய பகுதிகள். நேர்முகத் தேர்வில் “வினைகலனை நான் செய்தேன்” என்று சொல்லிக்கொள்ளலாம். எஞ்சியது ‘இணைப்பு வேலை’. எழுத்தர் வேலை போன்றது என்று சொல்லி அதனை இவரிடம் விட்டனர். ஏன் இவரிடம் விடப்பட்டது என்பதை அவர் நமக்குச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இந்த அவைக்கும் இல்லை.

மூவரும் தத்தம் தாளை முடித்துக் கொடுத்தனர். இவர் இணைத்தார். கணினி கணித்து முடித்துப் பச்சைக் குறி காட்டியது. மூவரும் மகிழ்ந்தனர். இவர் மட்டும் வெளியேற்ற ஓட்டத்தின் பட்டியலை வரிவரியாகப் படித்தார். ஆர்கான் என்ற வரிக்கு எதிரே பூச்சியம் இருந்தது.

இங்கே சிறிது நின்று விளக்க வேண்டும். அம்மோனியா வினைகலனுள் வாயு ஒருமுறை செல்கையில் ஏறத்தாழ 15 முதல் 25 விழுக்காடே அம்மோனியாவாக மாறும். எனவே அம்மோனியாவைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்துவிட்டு, மாறாத வாயுவை மீண்டும் மீண்டும் சுற்றிவிடுவர். 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வுக்கூடத்தில் நிகழ்த்திக் காட்டியதும், 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் பெருந்தொழிலானதும் இந்தச் சுழற்சியால்தான். வினைபுரியாத பொருள்கள் அச்சுழற்சியில் நுழைந்தால் வெளியேற வழியின்றிச் சேர்ந்துகொண்டே போகும். ஆகையால் சுற்றும் வாயுவில் ஒரு சிறு பகுதியை இடைவிடாது வெளியேற்ற வேண்டும். உள்ளே வரும் மந்தப் பொருள் எவ்வளவோ அவ்வளவும் வெளியேறியாக வேண்டும் என்பதே கணக்கு.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன், ஏறத்தாழ 21 பங்கு ஆக்சிஜன், 0.93 பங்கு ஆர்கான். சூளைத் தாளை எழுதியவர் பள்ளிக் கணக்கில் வழங்குவது போல நைட்ரஜன் 79, ஆக்சிஜன் 21 என்று எழுதிவிட்டார். ஆர்கான் அவர் பட்டியலில் இல்லை. வினைகலன் தாளை எழுதியவர் நூலில் பார்த்து ஆர்கானைச் சேர்த்திருந்தார். இணைக்கும்பொழுது அங்கே இல்லாத பொருளுக்கு இங்கே பூச்சியம் வந்தது. மென்பொருள் பிழை என்று சொல்லவில்லை. அதன் நோக்கில் பிழை ஏதும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாததை அது தேடுவதில்லை. குடும்ப அட்டைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் அலைந்து பழகிய நம்மவர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு விழுக்காடு கூட இல்லாத பொருளால் என்ன வந்துவிடப் போகிறது என்று நண்பர்கள் தயங்கினர். அவர் ஒரு தாளில் கையால் கணக்கிட்டுக் காட்டினார். புதிதாக நுழையும் வாயு 10,000 மோல் என்க. அதில் மீத்தேன் 80 மோல் எனக் கொள்வோம். ஆர்கான் ஏறத்தாழ 30 மோல் வரும். வெளியேற்றும் வாயுவில் மந்தப் பொருள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருத்தலாகாது என வைத்துக்கொள்வோம். திரவ அம்மோனியாவில் கரைந்து செல்லும் சிறு பங்கை விட்டுவிடலாம். ஆர்கானை மறந்தால் 800 மோல் வெளியேற்றினால் போதும் என்று கணக்கு வரும். சேர்த்தாலோ 1,100 மோல் வேண்டும். 800 அளவுக்கே குழாயும் கட்டுப்பாடும் அமைத்துவிட்டால், மந்தப் பொருள் பத்து விழுக்காட்டில் நில்லாமல் பதின்மூன்றே முக்கால் வரை ஏறும். அந்த அளவுக்கு அம்மோனியா உற்பத்தி குறையும். நண்பர்கள் பேசாமல் சூளைத் தாளைத் திறந்து காற்றைத் திருத்தினர். இரு வாரம் கூடுதலாக உழைக்க நேர்ந்தது.

ஆகவே இணைப்பில் முதலாவது, பொருள்களின் பட்டியல். எல்லாத் தாள்களுக்கும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு தொடங்குவதே பாதுகாப்பு. தன் தாளில் வேலையில்லாத பொருளாயினும் அது கடந்து செல்லும் வழியையேனும் விட்டுவைக்க வேண்டும்.

அடுத்தது, எதனை எடுத்துச் செல்வது என்பது. ஓர் ஓட்டம் ஒரு தாளின் எல்லையைக் கடக்கும்பொழுது அதன் வெப்பநிலையும் அழுத்தமும் சொன்னால் போதும் என்றே நாமும் எண்ணினோம். தாய்மார்கள் இதற்கு எளிதில் விடை சொல்வர். உலைநீர் கொதிக்கும்பொழுது பானையில் உள்ள நீரும் 100 டிகிரி; மூடியைத் தள்ளிக்கொண்டு எழும் ஆவியும் 100 டிகிரி. அழுத்தமும் ஒன்றே. எண்கள் இரண்டும் ஒன்றாயினும் கையில் பட்டால் வேறுபாடு தெரியும். ஒரு கிலோ நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் காய்ச்ச ஏறத்தாழ 293 கிலோ ஜூல் வெப்பம் போதும். அதனை முழுதும் ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோ ஜூல் வேண்டும். கொதிகலன் தாளிலிருந்து வரும் நிறைசெறி நீராவியை வெப்பநிலையும் அழுத்தமும் மட்டும் சொல்லி அடுத்த தாளுக்கு அனுப்பினால், அந்தத் தாள் அதனை வெந்நீராகவும் கொள்ளக்கூடும். வெப்பக் கணக்கு முழுவதும் சரியும். இத்தகைய ஓட்டத்திற்கு அழுத்தத்தையும் ஆவிப்பங்கையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஹைசிஸில் ஒவ்வோர் எல்லை ஓட்டத்திற்கும் எவ்விரண்டைக் கொண்டு கடத்துவது என்று தெரிவுசெய்ய இடம் வைத்திருக்கின்றனர்.

அப்படியானால் வெப்ப உள்ளுறையையே, அஃதாவது என்தால்பியையே நேராக அனுப்பிவிடலாமே என்று நாம் கேட்டோம். தாள் இரண்டும் ஒரே கணிப்பு முறையைப் பின்பற்றினால் செய்யலாம் என்றார். 1976-இல் வெளிவந்த பெங்–ராபின்சன் சமன்பாட்டை ஒரு தாளும், கரைசலுக்குரிய வேறொரு முறையை மற்றொரு தாளும் பின்பற்றினால், பூச்சியம் எனக் கொள்ளும் தொடக்க இடம் இரண்டிலும் ஒன்றாக இராது. ஒருவர் கடல்மட்டத்திலிருந்தும் மற்றொருவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தும் கோபுரத்தின் உயரத்தை அளந்து, எண்களை மட்டும் பரிமாறிக்கொண்டால் எப்படியோ, அப்படி. எனவே முறை மாறும் எல்லையில் கடப்பதற்கு முன்னும் பின்னும் அடர்த்தி, ஆவிப்பங்கு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. பெரிதும் வேறுபட்டால் எல்லையைத் தவறான இடத்தில் வகுத்திருக்கிறோம் என்று பொருள். ஆவியும் நீரும் கலந்தோடும் இடத்தில் எல்லை வகுக்காமல், முழுதும் வாயுவாகவோ முழுதும் திரவமாகவோ உள்ள இடத்தில் வகுப்பதே அனுபவமுடையோர் வழக்கம்.

சுழற்சிகளைப் பற்றியும் ஒரு சொல். சுற்றிவரும் ஓட்டத்தை மென்பொருள் நேராகக் கணிக்க இயலாது. ஓரிடத்தில் வெட்டி, அங்கே ஒரு மதிப்பை ஊகித்து, ஒருமுறை சுற்றிவந்து, ஊகத்தோடு விடையை ஒப்பிட்டு, திருத்தி, மீண்டும் சுற்றும். இத்திருத்தத்தை விரைவுபடுத்த வெக்ஸ்டீன் என்பார் 1958-இல் வெளியிட்ட முறை இன்றும் வழக்கில் உள்ளது. உள்தாளில் ஒரு சுழற்சியும் பெருந்தாளில் ஒரு சுழற்சியும் இருந்தால், வெளிச்சுழற்சியின் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்சுழற்சி முழுதும் முடிய வேண்டும். வெளியே ஆயிரத்தில் ஒன்று வேறுபாடு போதும் எனக் கொண்டால், உள்ளே இலட்சத்தில் ஒன்று என்ற நுட்பம் வேண்டும். உள்ளே தளர்வாக விட்டுவிட்டு வெளியே இறுக்கினால், உள்ளிருந்து வரும் தடுமாற்றத்தைத் துரத்திக்கொண்டு வெளிச்சுழற்சி ஓயாது ஓடும். மாணவர்கள் இரவெல்லாம் கணினியைப் பார்த்துக்கொண்டிருக்கும் காரணங்களுள் இது ஒன்று என அறிந்தோம்.

இவற்றுக்கெல்லாம் நம் மாணவர் கண்ட வழி மளிகைக் கடையில் வைத்திருக்கும் நீளமான கணக்கு நோட்டு. தாளின் எல்லையைக் கடக்கும் ஒவ்வோர் ஓட்டத்திற்கும் அதில் ஒரு பக்கம். எங்கிருந்து, எங்கே, என்னென்ன பொருள், எவ்வளவு, வெப்பநிலை, அழுத்தம், ஆவிப்பங்கு, யார் கடைசியாக மாற்றினார், எந்நாளில். கணினி யுகத்தில் நோட்டா என்று நண்பர்கள் நகைத்தனராம். பின்னர் ஐயம் வந்தபொழுதெல்லாம் அந்த நோட்டைத்தான் கேட்டு வாங்கினர். அதனை நாமும் பார்த்தோம். கையெழுத்து எட்டாம் வகுப்பில் இருந்ததைவிடச் சற்றே தேறியிருக்கிறது.

இனி நாம் மிகுதியும் எண்ணிப் பார்த்த ஒன்று. யூரியா உண்டாகும்பொழுது ஒரு யூரியாவுக்கு ஒரு நீர் உடன் பிறக்கும். 60 கிலோ யூரியாவுக்கு 18 கிலோ நீர். ஆயிரம் கிலோவுக்கு முந்நூறு கிலோ. இந்நீர் தூய நீர் அன்று. அம்மோனியாவும் சிறிதளவு யூரியாவும் அதில் கலந்திருக்கும். யூரியாவை வெப்பத்தால் சிதைத்து, நீராவியால் அம்மோனியாவை வெளியேற்றினால் அந்நீரைக் கொதிகலனுக்கே மீண்டும் பயன்படுத்தலாம். செய்யாது விட்டால் அது கழிவு. திட்டப்பணி ஏடுகள் பலவற்றில் இப்பகுதி இணைக்கப்படாமல், ‘கழிவுநீர் இவ்வளவு எனக் கொள்ளப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுவதைத் தாம் பார்த்திருப்பதாக அவர் சொன்னார். ஆவியாக்கும் தாளில் வெற்றிட அழுத்தம் சற்று மாறினால் கழிவுநீரில் அம்மோனியாவின் அளவு மாறும். தாள்கள் இணைந்திருந்தால் அது தெரியும். இணையாதிருந்தால் கையால் தட்டிய பழைய எண்ணே நிற்கும். அந்த எண்ணை நம்பித் தொட்டி கட்டுவர். அந்தத் தொட்டியைத் துப்புரவு செய்ய ஒருவரை இறக்குவர்.

இறங்குபவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதை நாம் அறிவோம். பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் மலக்குழியிலும் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது; சாவுச் செய்திகள் நின்றபாடில்லை. சட்டத்தைக் கேட்டுப் பெறுவது ஒரு பணி. அத்தொட்டிக்குள் என்ன வருகிறது என்பதைத் தாளில் எழுதி, முதல் தாள் வரை இணைத்து, எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மேசையின் மறுபுறம் அமர்வது மற்றொரு பணி. முன்னதற்கு நம்மில் பலர் உள்ளனர். பின்னதற்கு ஆள் வேண்டும்.

அதற்கு வழியும் இருக்கிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் மைய அரசின் கல்வி அமைச்சகத்தின் உதவியோடு நடைபெறும் ‘ஃபோசி’ திட்டம் டி.டபிள்யூ.சிம் மென்பொருளைப் பரப்பி வருகிறது. நூல்களிலும் ஆய்வேடுகளிலும் உள்ள தொழில்முறை ஒன்றைத் தாளாக எழுதி மாணவர் அனுப்பலாம். அதனைச் சரிபார்த்து, எழுதியவர் பெயரோடும் கல்லூரிப் பெயரோடும் வெளியிடுகின்றனர். சான்றிதழும் மதிப்பூதியமும் உண்டு. முகமறியாதவர் முன் தாள் மட்டுமே பேசும் இடம் அது. நேர்முகத் தேர்வில் தந்தையின் தொழிலை முதற்கேள்வியாகக் கேட்கப் பெற்றவர்க்கு இதன் அருமை புரியும்.

நம் மாணவர்க்கு வளாகத் தேர்வில் வேலை கிடைக்கவில்லை. வந்த நிறுவனங்கள் பெரும்பாலும் கணினி நிறுவனங்கள். எட்டு மாதம் வீட்டிலிருந்தார். அந்த நாளில்தான் நமக்குக் கற்பித்தார். இப்பொழுது சென்னையில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் பயிற்சியாளராக இருக்கிறார். ஊதியம் பெரிதன்று. அங்கே அவருக்குத் தரப்பட்ட முதல் வேலை, ஐந்து பேர் எழுதிய தாள்களை இணைப்பது. இம்முறை அதனைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கழகக் கட்டடத்தின் மாடியில் உள்ள இரண்டு கணினிகளிலும் டி.டபிள்யூ.சிம் ஏற்றப்பட்டுள்ளது. மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் காலை பத்து மணிக்கு அவர் வர இசைந்திருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் எடுத்தவர் எவரும் வரலாம். பெண் பிள்ளைகள் அவசியம் வர வேண்டும். நாமும் ஒரு மாணவராக வருவோம். நீளக் கணக்கு நோட்டு ஒன்றும் பேனாவும் கொண்டுவருக. முதல் நாளில் இரண்டு தாள்கள் எழுதுவோம். ஒன்றில் காற்று, ஆர்கானோடு. மற்றொன்றில் கொதிக்கும் நீர்.